சுங்கை சிப்புட் போகிறவர்கள் ராட்டினம் ஏறும் முன்

ஊருக்கு என்ன வாங்கிப் போவது, பெட்டி எத்தனை கிலோ கட்டுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது உங்களுக்கே தெரியும். போய் இறங்கிய மூன்றாம் நாள் உங்கள் அத்தை, "பிள்ளைங்க எல்லாம் ஆசையா இருக்குங்க, தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயா" என்று சொல்வார். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்ததை மட்டும் செய்யாதீர்கள்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். வெளியூர்க்காரர்கள் கேட்டால் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் என்பேன். 1948-ல் தோட்டத் துரைகள் மூவர் சுடப்பட்டு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கிய ஊர் என்றும் சேர்த்துக்கொள்வேன். எங்களுக்கு அது ரப்பர் பால் புளித்த வாடை. இப்போது அந்த வாடை இல்லை, எங்கு பார்த்தாலும் செம்பனை. நாங்கள் இருந்த லயத்தையும், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள். அத்தை டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மகனோடு இருக்கிறார். எழுபத்து நான்கு வயது.

முதல் எச்சரிக்கை: இறங்கிய மூன்று நாளைக்குள் எந்த ராட்டினத்திலும் ஏறாதீர்கள். லண்டனிலிருந்து கோலாலம்பூருக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து, அங்கிருந்து ஈப்போவுக்கு ரயில் பிடித்து, ஏழெட்டு மணி நேர வித்தியாசத்தை உடம்பு இன்னும் ஒத்துக்கொள்ளாமல், ராத்திரி மூன்று மணிக்குக் கூரையைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிற ஆளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் சுலபமாக வரும். தூக்கம் கெட்டாலே தலைவலி வருகிற ஆளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குப் பொதுவாகவே இந்தக் குமட்டல் அதிகம்.

ஆனால் அத்தையிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? அப்பா இறந்தபோது நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்தது அத்தைதான். அப்படிப்பட்டவர் ஒன்று கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம் அத்தை" என்று வாய் வராது. "போலாம் அத்தை" என்றுதான் வரும். வந்தது.

அன்று விடியற்காலை நாலரைக்கு அடுப்படியில் சத்தம். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சாதம், அதோடு முதல் நாள் ராத்திரியே செய்த மட்டன் பிரட்டல், பொரித்த நெத்திலி, வேகவைத்த முட்டை. தட்டில் சாதம் குன்று மாதிரி இருந்தது. "கொஞ்சமாப் போடுங்க அத்தை, தலை சுத்தும்" என்றேன். "வெறும் வயித்துல போனாத்தான்டா சுத்தும். அங்க ரொட்டியத் தின்னு தின்னு ஆளே பாதியாப் போயிட்ட" என்று இன்னொரு கரண்டி சம்பால் விழுந்தது. அவர் சொன்னதில் பாதி சரி. வெறும் வயிற்றோடு போவதும் நல்லதில்லை. ஆனால் தேங்காய்ப்பால் சாதமும் எண்ணெய் மிதக்கும் மட்டனும் சீக்கிரம் செரிக்கிற சங்கதி இல்லை. ஏறுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், இல்லை வறட்டு பிஸ்கட் போதும். இதை முதல் நாள் ராத்திரியே பேசி முடித்துவிடுங்கள். தட்டு வைத்த பிறகு பேச முடியாது.

அந்த அவசரத்தில் நான் காப்பி குடிக்கவில்லை. தினம் மூன்று கப் குடிப்பவன். காப்பி பழகிய உடம்புக்கு அது கிடைக்காவிட்டால் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் தலைவலி பிடிக்கும். விமானத்தில் நேரம் குழம்பி ஏற்கெனவே காப்பி தவறியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு கப் கொப்பி ஓ, பால் போடாத காப்பி, குடிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

மச்சான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இருக்கைகளுக்குப் புது உறை, அந்த மாதம்தான் போட்டது. பதிமூன்று பேர் ஏறினோம். முன் இருக்கை அத்தைக்கு, அதில் பேச்சே கிடையாது. நான் கடைசி வரிசையில், பின்சக்கரத்துக்கு மேலே. வேனில் ஆட்டம் அதிகம் தெரிகிற இடம் அதுதான். நாலு மணி நேரமும் போனில் அலுவலக மெயில் பார்த்துக்கொண்டு வந்தேன். கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது, காதோ வண்டி ஆடுகிறது என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டலே வருகிறது. பூங்கா வாசலில் இறங்கும்போதே பாதி முடிந்திருந்தேன்.

பூங்காவின் பெயர் வேண்டாம், குற்றம் அவர்களுடையது இல்லை. சீட்டு வாங்குமிடத்தில் இரண்டு விலை: மைகார்ட் என்கிற மலேசிய அடையாள அட்டை உள்ளவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. வரிசையில் பின்னாலிருந்து அத்தை, "ஐயா, மைகார்ட எடு, குறைச்சுத் தருவாங்க" என்று கூப்பிட்டார். மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. நான் லண்டனில் குடியுரிமை வாங்கியபோது இங்கே உள்ளதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அத்தைக்கு இதைச் சொன்னதில்லை. 2001-ல் மைகார்ட் வந்தபோது வரிசையில் நின்று எடுத்தவன் நான். கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் ஆங்கிலத்தில் விலை சொன்னாள். அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் சீட்டை முதல் நாளே இணையத்தில் வாங்கிவிடுங்கள்.

சரி, ராட்டினங்கள். மச்சானின் சின்ன மகளுக்கு எட்டு வயது. அவள் உயரத்துக்குப் பெரியவர் ஒருவர் கூட ஏற வேண்டுமாம். "மாமாதான் வரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரோலர் கோஸ்டர் அவ்வளவு மோசமில்லை, உட்காரும் விதம் தெரிந்தால். முன்வரிசையில் பாதை தெரியும், அடுத்த வளைவுக்கு உடம்பு தானாகத் தயாராகும். நடுவரிசையில் உலுக்கல் குறைவு. கடைசி வரிசை சாட்டையின் நுனி மாதிரி. தலையைப் பின்தாங்கியில் நன்றாக அழுத்திக்கொள்ள வேண்டும். கீழே குனிந்து பிள்ளையைப் பார்க்கிறேன் என்று தலையை முன்னால் விட்டால், வண்டி உலுக்குகிற உலுக்கில் கழுத்து இழுத்துக்கொள்ளும். அந்தக் கழுத்து வலிதான் சாயங்காலம் பின்மண்டை வலியாக ஏறும். நான் அவள் தொப்பியைப் பிடிக்கக் குனிந்தேன்.

சுற்றுகிற ராட்டினங்கள்தான் கொடுமை. காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றில் திரவம். சுற்றிக்கொண்டே இருக்கும்போது அந்தத் திரவமும் சுற்றப் பழகிவிடும். ராட்டினம் நின்ற பிறகும் அது நிற்காது. அதனால்தான் இறங்கியதும் தரை ஓடுகிறது. கோப்பை ராட்டினத்தில் நடுவில் ஒரு சக்கரம் இருக்கும், எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு வேகம். அந்தச் சக்கரத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இந்தக் குமட்டல் அதிகம் என்கிறார்கள். எங்கள் பிள்ளை அதைப் படித்ததில்லை போல. அவள் சிரித்துக்கொண்டே திருப்பினாள்.

சின்ன வயதில் எங்கள் ஊர்த் திடலுக்கு ஃபன் ஃபேர் வரும். அப்பா ஒருமுறை என்னை ராட்டினத்தில் ஏற்றினார். சோப்பு போட்டுக் கழுவினாலும் அவர் கையில் பால் வாடை போகாது. அந்தக் கையால் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "கீழ பார்க்காத. அந்த மலையைப் பாரு. அது ஆடாது" என்றார். இன்று மருத்துவர்கள் சொல்வதும் அதேதான்: தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள். கோப்பைக்குள் சுற்றும்போது மலை கிடைக்காது, எதிரே இருப்பவர் முகத்தையே பாருங்கள், அது உங்களோடு சேர்ந்து சுற்றும்.

அதற்கு அப்புறம் திரை முன்னால் நாற்காலி ஆடுகிற ஒன்று. இருட்டறை, பறக்கிற மாதிரி படம். இதில் கண் காண்பதற்கும் உடம்பு உணர்வதற்கும் சம்பந்தமே இருக்காது. இங்கே கண்ணை மூடிக்கொள்வதுதான் வழி. காசு கொடுத்தோமே என்று திறந்து வைத்திருந்தேன். மூன்றையும் நடுவில் ஓய்வே இல்லாமல் ஏறினேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இருபது நிமிடமாவது நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் வேர்வையிலேயே உடம்புத் தண்ணீர் வற்றிவிடும், தலைவலிக்கு அது ஒன்றே போதும். தண்ணீர் குடியுங்கள், இல்லை ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி உப்புச்சத்து பானம். பஞ்சு மிட்டாய் கணக்கில் வராது.

மாத்திரை விஷயம். குமட்டலைத் தடுக்கிற மாத்திரை, டைமென்ஹைட்ரினேட் என்று பார்மசியில் கேட்டால் தருவார்கள். ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிய பலன் இருக்காது, அந்த நேரத்தில் வயிறு வேலையை நிறுத்திவிடும். தூக்கம் வரும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் பார்மசிஸ்ட்டிடம் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு இல்லை. ஆசாம்போய் என்கிற உப்புப் போட்டு உலர்த்திய பிளம் பழத்தை வாயில் அடக்கிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். மருந்தா என்று கேட்காதீர்கள், எனக்கு வாயில் எச்சில் ஊறி ஐந்து நிமிடம் தள்ளிப்போனது.

அதே வேனில் மறுநாள் கேமரன் மலைக்கும் என்பார்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவு முடிந்தது என்று நினைக்கும்போது அடுத்தது வரும். சிம்பாங் பூலாய் வழி இதைவிட நேரானது, சுங்கை சிப்புட்காரர்களுக்குப் பக்கமும்கூட. அதைக் கேளுங்கள்.

தலைவலி எனக்கு மூன்று நாள் விடவில்லை. அத்தை கோடாலித் தைலம் தடவினார், திருநீறு பூசினார், கண்ணு பட்டிருக்கு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். மூன்றாம் நாள் மச்சான் கிளினிக்கில் கொண்டுபோய் உட்காரவைத்தார். டாக்டர் கேட்ட கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறதா? பார்வை இரண்டாகத் தெரிகிறதா, கை கால் மரத்துப்போகிறதா, பேச்சு குழறுகிறதா? நாளுக்கு நாள் வலி கூடுகிறதா, வாந்தி நிற்கவில்லையா? ரோலர் கோஸ்டர் உலுக்கலில் மண்டைக்குள் ரத்தம் கசிந்தவர்கள், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தவர்கள் அபூர்வமாக உண்டு. இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கிளினிக்கில் காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு எல்லாவற்றுக்கும் இல்லை. பனடோல் (பாராசிட்டமால்), தூக்கம், தண்ணீர் என்று அனுப்பிவிட்டார். பனடோல் 500 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது.

வேன் கதைதான் பாக்கி. திரும்பி வரும் வழியில், அந்தக் கடைசி வரிசையில், மச்சானின் புது உறைமேல் எல்லாம் வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டினார்கள். மச்சான் ஒன்றும் சொல்லாமல் டவலும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். நான் ரோட்டோரம் குந்தி உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது முன்கதவு திறந்திருந்தது, அத்தை இறங்கி நின்றிருந்தார்.

"நீ முன்னால ஏறு."

"வேண்டாம் அத்தை, உங்களுக்கு..."

"ஏறுடா. ரோட்டப் பார்த்துக்கிட்டு வா."

ஈரம் காயாத அந்தக் கடைசி வரிசையில், சக்கரத்துக்கு மேலே, அத்தை போய் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேத்தியை மடியில் சாய்த்து வைத்திருந்தார். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். முப்பது வருசம் தோட்டத்து லாரியில பின்னால நின்னுக்கிட்டே வேலைக்குப் போனவளுக்கு இதெல்லாம் ஒரு ஆட்டமா என்றார்.