தேவை, செலவு, இலாபம்: தெரிந்த சொற்களில் சறுக்கும் நுண்பொருளியல் மாணவர்கள்

"மழையால் தக்காளி வரத்து குறைந்தது. அதனால் விலை ஏறியது. விலை ஏறியதால் தேவை குறைந்தது. தேவை குறைந்ததால் விலை இறங்கியது. விலை இறங்கியதால் தேவை கூடியது."

முதல் பருவத் தேர்வு விடைத்தாள் கட்டைப் பிரித்தால் இப்படி ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். எழுதிய பிள்ளை படிக்காமல் வந்தது இல்லை. ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பாடத்தில் கேட்டது போலத்தான் இருக்கும். சேர்த்துப் படித்தால்தான் கடைசியில் விலை ஏறியதா இறங்கியதா என்று யாருக்கும் தெரியாது.

பல வருடங்களாக இந்தத் தாளை நடத்துகிறேன். தனி நுகர்வோர், தனி நிறுவனம், தனிச் சந்தை ஆகியவற்றை ஆராயும் நுண்பொருளியலுக்கு வேண்டிய கணக்கு பத்தாம் வகுப்பைத் தாண்டாது. வேதியியல் போல வாயில் நுழையாத பெயர்களும் கிடையாது. தேவை, செலவு, இலாபம், பயன், போட்டி என்று எல்லாமே நாம் வீட்டில் புழங்கும் சொற்கள். பெரும்பாலான தவறுகள் பிறப்பது அங்கேதான் என்பது என் அனுபவம். தெரியாத சொல்லாக இருந்தால் நின்று பொருள் கேட்போம். தெரிந்த சொல் என்பதால் வீட்டுப் பொருளோடேயே தேர்வறைக்குள் போய்விடுகிறோம்.

தேவை வேறு, தேவைப்படும் அளவு வேறு

வீட்டில் தேவை என்றால் வேண்டியிருப்பது. பசித்தவருக்குச் சோறு தேவை. பொருளியலில் அது போதாது. விருப்பம் இருக்க வேண்டும், வாங்கக் கையில் பணம் இருக்க வேண்டும், அந்தப் பணத்தைக் கொடுக்க மனமும் இருக்க வேண்டும். அதோடும் முடிவதில்லை. தேவை என்பது ஓர் எண் அல்ல, முழு அட்டவணை. கிலோ 20 ரூபாய் என்றால் இவ்வளவு வாங்குவேன், 60 என்றால் இவ்வளவு, 100 என்றால் இவ்வளவு என்ற மொத்தப் பட்டியலின் பெயர்தான் தேவை. அதை வரைந்தால் தேவைக் கோடு. குறிப்பிட்ட ஒரு விலையில் எவ்வளவு வாங்குகிறோமோ அதற்குத் தேவைப்படும் அளவு என்று பெயர். அது கோட்டின் மேல் ஒரு புள்ளி.

இப்போது தக்காளிக்கு வருவோம். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கோயம்பேட்டுக்கு வரும் லோடு குறைந்ததுதான் காரணம். நகர்ந்தது அளிப்புக் கோடு, அதாவது எந்த விலையில் எவ்வளவு விற்க வரும் என்று காட்டும் கோடு, இடப்பக்கமாக. தேவைக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு கிலோ வாங்கிய வீட்டில் கால் கிலோ வாங்கி, ரசத்துக்குப் புளியைக் கூட்டிக் கரைத்தார்கள் என்றால், அது அதே கோட்டின் மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நகர்ந்தது. பாடநூல் இதைத் தேவைச் சுருக்கம் என்கிறது. தேவை குறைந்தது என்று எழுதிவிட்டால் கோடே நகர்ந்ததாகப் பொருள். அந்த ஒரு சொல்லால்தான் மேலே சொன்ன பத்தி செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருகிறது.

நான் வகுப்பில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன். நடந்த மாற்றம் அந்தப் பொருளின் விலையிலா, வேறொன்றிலா? விலை மட்டும் மாறினால் கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். வருமானம், ருசி, மாற்றுப் பொருளின் விலை, வாங்குவோர் எண்ணிக்கை, வருங்காலம் பற்றிய எதிர்பார்ப்பு ஆகியவற்றில் ஏதாவது மாறினால் கோடு முழுவதும் நகரும். பேனாவை எடுக்கும் முன் இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். வரைந்துவிட்டு யோசிப்பவர்கள்தான் இரண்டு கோட்டையும் நகர்த்திவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் குறிப்புகளை இணையத்தில் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். அங்கே தேவைக்குக் கேள்வி என்றும், அளிப்புக்கு நிரம்பல் என்றும், பின்னால் நாம் பார்க்கப்போகும் வாய்ப்புச் செலவுக்கு அமையச் செலவு என்றும் பெயர். எந்த வழக்கை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே விடைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

உச்சவரம்பை மேலே வரைவது

அதே ஜூலையில் தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. இது விலை உச்சவரம்பா என்று வகுப்பில் கேட்டேன். பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். இல்லை. தனியார் கடைக்காரர் 100 ரூபாய்க்கு விற்பதை யாரும் தடுக்கவில்லை. அரசு தன் பங்குக்கு ஓரளவு சரக்கை மலிவாக விற்றது, அவ்வளவே. இந்த விலைக்கு மேல் யாரும் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டால்தான் உச்சவரம்பு.

படத்தில் இதை வரையச் சொன்னால், தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டும் சமநிலை விலைக்கு மேலே கோடு போடுவார்கள். உச்சம் என்றால் மேலேதானே என்ற நினைப்பு. சமநிலை விலை 100 ஆக இருக்கும்போது 130க்கு மேல் விற்காதே என்று தடை போட்டால் சந்தையில் எதுவும் மாறாது. 60 என்று போட்டால்தான் பிடிக்கும், பற்றாக்குறையும் வரும். ஆகவே, செயல்படும் உச்சவரம்பு சமநிலைக்குக் கீழே இருக்கும். குறைந்தபட்ச விலை அதற்கு நேர்மாறாகச் சமநிலைக்கு மேலே இருக்கும்.

இறுதிநிலை கடைசி அல்ல

தமிழ் வழியில் படிப்பவர்களை மிக அதிகமாக ஏமாற்றும் சொல் இதுதான். இறுதிநிலைச் செலவு என்றால் கடைசியில் வந்த மொத்தச் செலவு என்று எழுதுவார்கள். அப்படி நினைப்பதில் ஒரு நியாயம் உண்டு, சொல் அப்படித்தான் ஒலிக்கிறது. உண்மையில் அது இன்னும் ஒன்றைக் கூட்டினால் எவ்வளவு கூடும் என்ற கேள்வி. நூறு இட்லி ஊற்றிய இடத்தில் நூற்றியோராவது இட்லிக்கு ஆகும் கூடுதல் செலவு.

ஜெவன்ஸும் மெங்கரும் 1871இல், வால்ரஸ் 1874இல் என மூன்று பொருளியலாளர்கள் தனித்தனியாக இந்தக் கூடுதல் ஒன்று என்ற எண்ணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நவீன நுண்பொருளியலின் அடித்தளம் அதுதான். தண்ணீர் இல்லாமல் உயிரில்லை, ஆனாலும் மலிவு. வைரம் இல்லாமல் வாழலாம், ஆனாலும் விலை அதிகம். ஏன்? தண்ணீரின் மொத்தப் பயன் பெரிது, அது ஏராளமாகக் கிடைக்கும் இடத்தில் இன்னொரு குடத்தின் பயன் சிறிது. விலை அந்த இன்னொரு குடத்தைப் பார்த்து அமைகிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு ஒட்டிப் பிறந்தது போட்ட பணம் பற்றிய தவறு. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு முறை போர் போட்டார்கள். 800 அடி போயும் புகைதான் பறந்தது. வண்டிக்காரர் நிறுத்தவா என்று கேட்டார். "இவ்வளவு போட்டாச்சு, இப்ப விட்டா எல்லாம் மண்ணாப் போயிரும், இன்னொரு நூறு அடி போடுப்பா" என்றார் தோட்டக்காரர். அந்த 800 அடிக்கான பணம் நிறுத்தினாலும் திரும்ப வராது, தொடர்ந்தாலும் திரும்ப வராது. அது மூழ்கிய செலவு. முடிவுக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான். அடுத்த 100 அடிக்கு ஆகும் பணத்துக்கு, அந்த ஆழத்தில் தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு ஈடாகுமா? தோண்டிய 800 அடி பாறையைப் பற்றிச் சொன்ன செய்தியை அந்தக் கணக்கில் சேர்க்கலாம். செலவான ரூபாயைச் சேர்க்கக் கூடாது. தேர்வில் நிறுவனம் உற்பத்தியை நிறுத்த வேண்டுமா என்று கேட்கும் வினாவில், வாடகை, வட்டி போன்ற நிலையான செலவை உள்ளே கொண்டுவந்து தவறவிடுபவர்கள் செய்வதும் இதையேதான். குறுகிய காலத்தில் பார்க்க வேண்டியது, வரும் வருவாய், உற்பத்தியோடு ஏறி இறங்கும் மாறும் செலவையாவது ஈடுகட்டுகிறதா என்பதை மட்டுமே.

இலவசமும் இலாபமும்

ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி தருகிறார்கள். விலையில்லை என்பது சரி. செலவில்லை என்று எழுதினால் தவறு. அரிசி வாங்க அரை நாள் வரிசையில் நிற்கும் பெண், அந்த அரை நாளில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலியை விட்டுத்தான் நிற்கிறார். அதுவே வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்டவற்றில் மிகச் சிறந்தது எதுவோ அதன் மதிப்பு. கைவிட்ட எல்லாவற்றையும் கூட்டிப் போடுபவர்கள் உண்டு, அது கூடாது. ஒரே நேரத்தில் வயல் வேலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போக முடியாதல்லவா?

இதைப் பிடித்துவிட்டால், நிறைவுப் போட்டியில் (ஒரே மாதிரிப் பொருளைப் பலர் விற்கும், யாரும் தனியாக விலையை மாற்ற முடியாத சந்தையில்) நீண்ட காலத்தில் பொருளியல் இலாபம் பூஜ்யம் என்ற வரி மிரட்டாது. "பூஜ்யம்னா எதுக்கு சார் கடை நடத்தணும்?" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. கரும்பலகையில் ஒரு டீக்கடையை எழுதுவேன். மாத விற்பனை 90,000 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ், வேலையாள் சம்பளம் எல்லாம் 60,000. மீதி 30,000, கடைக்காரர் கணக்கில் அதுதான் இலாபம். ஆனால் கடை அவருடைய சொந்தக் கட்டடம், வாடகைக்கு விட்டால் 10,000 வரும். அவரே இன்னொரு கடையில் டீ மாஸ்டராகப் போனால் 20,000 சம்பளம். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம். அவர் நட்டப்படவில்லை. வேறெங்கே போனாலும் கிடைக்கக்கூடியதே இங்கும் கிடைக்கிறது, அதனால் கடையை மூட அவருக்குக் காரணம் இல்லை. பாடநூல் இதை இயல்பு இலாபம் என்கிறது.

தாழ்ரகப் பண்டம் என்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அது தரம் குறைந்த சரக்கு அல்ல. வருமானம் கூடும்போது எதை வாங்குவது குறைகிறதோ அதற்கு அந்தப் பெயர், அதுவும் அந்த மக்களுக்கு, அந்தக் காலத்துக்கு மட்டும். கையில் காசு வந்ததும் கேழ்வரகுக் களியை விட்டு அரிசிச் சோற்றுக்கு மாறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே கேழ்வரகைச் சத்துமாவாகக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள். தானியம் மாறவில்லை.

சாய்வும் நெகிழ்ச்சியும்

விலை ஒரு சதவீதம் மாறினால் தேவைப்படும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பதுதான் நெகிழ்ச்சி. தேவைக் கோடு செங்குத்தாக இருந்தால் நெகிழ்ச்சி குறைவு, படுத்திருந்தால் அதிகம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே விழுவார்கள். ஒரு நேர்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விலையும் அளவும் சேர்ந்து எப்போதும் 100. விலை 80 என்றால் அளவு 20, விலை 20 என்றால் அளவு 80. சாய்வு எங்கும் ஒன்றுதான். நெகிழ்ச்சி அப்படியல்ல. மேலே உள்ள புள்ளியில் அது 80ஐ 20ஆல் வகுத்தால் வருவது, அதாவது 4. கீழே உள்ள புள்ளியில் கால். விலையை 80இலிருந்து 70 ஆக்கினால் விற்பனை வரவு 1600இலிருந்து 2100க்கு ஏறும். 20இலிருந்து 10 ஆக்கினால் 1600இலிருந்து 900க்குச் சரியும். அதே பத்து ரூபாய்க் குறைப்பு, அதே கோடு. இந்த நான்கு எண்களையும் ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவர் பிறகு தவறுவதில்லை. கைடில் படித்தவர் மறந்துவிடுகிறார்.

கணக்குப் பாடத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு இடறல் உண்டு. காரணத்தைக் கிடை அச்சிலும் விளைவைச் செங்குத்து அச்சிலும் போட்டுப் பழகியிருப்பார்கள். இங்கே விலை செங்குத்து அச்சில் நிற்கும். 1838இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் கூர்னோ விலையைக் கிடை அச்சில்தான் வைத்தார். 1890இல் வந்த ஆங்கிலேயப் பொருளியலாளர் மார்ஷலின் நூலுக்குப் பிறகு அது மாறி நிலைத்துவிட்டது. வழக்கம் என்று ஏற்றுக்கொண்டு, படம் வரைந்த உடனே அச்சுகளுக்குப் பெயர் எழுதிவிடுங்கள். பெயரில்லாத அச்சுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

சொல்ல முடியாது என்று எழுதத் தயங்குவது

போன பருவத்தில் ஒரு வினா கேட்டிருந்தேன். மதுரையில் தை மாதப் பனியால் மல்லிகை வரத்து குறைகிறது. அதே வாரத்தில் பொங்கலும் முகூர்த்தமும் வருகின்றன. விலைக்கும் விற்கும் அளவுக்கும் என்ன ஆகும்? அளிப்பு இடப்பக்கம், தேவை வலப்பக்கம். இரண்டும் விலையை மேலேதான் தள்ளும், அதில் ஐயமில்லை. அளவை ஒன்று குறைக்கிறது, மற்றது கூட்டுகிறது. எது பெரிது என்று வினா சொல்லவில்லை. ஆகவே அளவு கூடலாம், குறையலாம், மாறாமலும் இருக்கலாம். கொடுத்த தகவலைக் கொண்டு சொல்ல முடியாது என்பதுதான் முழு மதிப்பெண் விடை.

முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி படத்தைத் தெளிவாக வரைந்து, "விலை உயரும். அளவைச் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தாள். பிறகு இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, அதன் மேல் "அளவு குறையும்" என்று எழுதியிருந்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "தெரியாதுன்னு எழுதினா படிக்கலைன்னு நினைப்பீங்கன்னு பயந்துட்டேன் சார்" என்றாள். அந்த வினாவை அடுத்த நாள் வகுப்பில் மறுபடியும் எடுத்தேன். இந்த முறை பலகையில் வரைந்தது அவள். ஒரே படத்தில் தேவைக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு புள்ளி, நிறைய நகர்த்தி இன்னொரு புள்ளி. முதல் புள்ளி பழைய அளவுக்கு இடப்பக்கமும் இரண்டாவது வலப்பக்கமும் விழுந்தன.