சாய்தளம் இருந்தும் ஏற முடியவில்லை: எங்கள் ஊர்ப் பள்ளியில் செய்தது

என் மகள் வீல்சேரில் பள்ளிக்குப் போகிறவள். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சாய்தளம் இருந்தது. ஆனால் செங்குத்து; இரண்டு பேர் பின்னால் தள்ளினால்தான் வண்டி ஏறும். ஒன்பதாம் வகுப்போ மாடியில்.

டேப் வைத்து அளந்தேன். வராந்தா உயரம் 45 செ.மீ. விதிப்படி சரிவு 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்; இங்கே 5.4 மீட்டர் வேண்டும். இருந்தது 2 மீட்டர்தான். இந்தக் கணக்கையும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தேன். பொதுவாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். அளவோடு கேட்டதும் தலைமையாசிரியர் அன்றே தீர்மானம் எழுதினார். கொத்தனார் சாய்தளத்தைச் சுவரையொட்டித் திருப்பி, இருபுறமும் கைப்பிடியோடு கட்டிக் கொடுத்தார். வகுப்பைக் கீழே மாற்றக் காசே தேவைப்படவில்லை.

கழிப்பறைதான் இழுத்தடித்தது. கதவு உள்பக்கம் திறந்தால், வீல்சேர் நுழைந்தபின் சாத்தவே முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற வைத்தோம். அதுவரை அவள் பள்ளியில் தண்ணீரே குடிக்க மாட்டாள். நீங்கள் கேட்பதாக இருந்தால் இதை முதலில் கேளுங்கள். அப்புறம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்றிதழோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.