ஃப்ளேம் அசேலியா: விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து அப்பலாச்சியன் மலைக்காடுகளில் நடந்தால், ஓக் மரங்களுக்கு அடியில் ஃப்ளேம் அசேலியா ஆரஞ்சு நிறத்தில் புதர் புதராகப் பூத்திருக்கும். 1770களில் அங்கே சுற்றிய தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம், மலையே தீப்பிடித்துவிட்டதோ என்று பதறும்படி இருந்ததாக எழுதியிருக்கிறார். நம் நீலகிரி காட்டுப்பூவரசுக்கு (ரோடோடென்ட்ரான்) இது சொந்தம்தான், ஆனால் இது குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிடும்.

தயவுசெய்து காட்டுச் செடியைத் தோண்டாதீர்கள். தோட்டத்தில் வளர்ப்பவர் யாரிடமாவது விதை கேளுங்கள்.

முதலில் விதை. அக்டோபர் வாக்கில் காய் பழுப்பாகும், அது வெடிப்பதற்குள் பறித்துக் காகித உறையில் போட்டு வையுங்கள், சில நாளில் தானே வெடித்து, தூள் போன்ற விதை கொட்டும்.

ஜனவரியில் வீட்டுக்குள் விதைக்கலாம். பீட் மாஸும் (மக்கிய சதுப்புப் பாசி) பெர்லைட்டும் (லேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்) கலந்து, மழைநீரால் நனைத்து, மேலே தூவிவிடுங்கள், அவ்வளவுதான், மண் போட்டு மூடவே கூடாது. இதற்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு. நான் முதல் தடவை வழக்கம்போல மண்ணால் மூடிவிட்டு ஒன்றரை மாதம் காத்திருந்தேன், ஒன்றுகூட வரவில்லை. கண்ணாடி போன்ற மூடி போட்டு, விளக்கடியில், சுமார் 21 டிகிரி செல்சியஸில் வைத்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். அப்புறம் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள், காற்றோட்டமில்லாத ஈரத்தில் பூஞ்சை வந்து நாற்றெல்லாம் ஒரே நாளில் சாய்ந்துவிடும்.

மூன்று நான்கு இலை வந்ததும் தனித்தனித் தொட்டி. பூக்க நான்கைந்து வருடமாவது ஆகும்.

விதைச்செடியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எந்த நிறமும் வரலாம், எனக்கு அதுவே பிடிக்கும். தாய்ச்செடியின் அதே நிறம்தான் வேண்டுமென்றால் பதியம் போடுங்கள்: தாழ்ந்த கிளையின் அடிப்பட்டையை லேசாகக் கீறி, மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்து, ஒன்றிரண்டு வருடம் விட்டுவிடுங்கள். தண்டு வெட்டி நடுவதை ஆரம்பத்தில் முயல வேண்டாம், வேர் விட்டாலும் அடுத்த வசந்தத்தில் பல தண்டுகள் துளிர்ப்பதே இல்லை.

நடும் இடத்தில் காலை வெயிலும் மதிய நிழலும் இருக்கட்டும், மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) 4.5 முதல் 5.5, அதாவது அமில மண். சிமென்ட் சுவரோரம் சுண்ணாம்பு கசியும், அங்கே வேண்டாம். வேர் மேலாகவே ஓடுவதால் ஆழமாக நடாமல், ஓக் சருகால் மூடாக்குப் போடுங்கள், சுற்றிக் கொத்தாதீர்கள். கவாத்து செய்வதானால் பூ உதிர்ந்த உடனே, ஏனென்றால் கோடையிலேயே அடுத்த வருட மொட்டு வந்துவிடும். இலை, பூ எல்லாமே நஞ்சு, குழந்தைகளும் ஆடு நாய்களும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.