கைப்பிரதியை மெய்ப்புக்கு முன் துப்புரவாக்குதல்: காலும் ரகரமும், காற்புள்ளியும் ஒற்றும்

நூலாசிரியர் அனுப்பும் கோப்பைத் திறந்தவுடன் பிழை திருத்தத் தொடங்கிவிடுவது புதியவர்களின் வழக்கம். கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியவை வேறு, கணினியே தேடித் திருத்தக்கூடியவை வேறு என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும். பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி முடித்த கோப்பு உங்களிடம் இருக்கிறது என்று கொள்கிறேன். கருவியைப் பொறுத்தவரை நான் பரிந்துரைப்பது லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்னும் இலவச எழுத்துச் செயலி. வேர்டிலும் செய்யலாம், ஆனால் அதன் தேடல் குறிகளோடு மல்லுக்கட்டுவதில் எனக்குப் பொறுமை இல்லை. மூலக் கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

முதல் படி: கால் எது, ரகரம் எது

‘அவா்கள்’, ‘அவர்கள்’ ஆகிய இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். முதலாவதில் இருப்பது ரகரம் அன்று. வகரத்தையடுத்துத் துணைக்காலும் (ா) அதன்மேல் புள்ளியும் இருக்கின்றன. ர், ரி, ரீ ஆகிய மூன்றும் பல எழுத்துருக்களில் அடிக்கோடு இல்லாமல் காலைப் போலவே அமைவதால், தட்டச்சுப் பழக்கத்தில் கால் விசையையே அழுத்திவிடுகிறார்கள். அச்சில் இது தெரியாது என்றாலும், மின்னூலில் ஒருவர் ‘அவர்கள்’ என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. சொல்திருத்தியும் சரியான சொல்லுக்குச் சிவப்புக் கோடு போடும். ஐயம் எழும்போது எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்துப் பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். புள்ளி நீங்கியபின் ‘வர’ என்று நின்றால் ரகரம், ‘வா’ என்று நின்றால் கால்.

கன்ட்ரோல்+எச் அழுத்தித் தேடல் பெட்டியைத் திறந்து, ா் என்பதை ர் என்றும், ாி என்பதை ரி என்றும், ாீ என்பதை ரீ என்றும் மாற்றுங்கள். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகும் ‘சோ்ந்த’, ‘தொியும்’, ‘பொிய’ போன்றவை அப்படியே இருக்கும். ஏன் என்பது எனக்கும் நெடுநாள் பிடிபடவில்லை. ஒற்றைக்கொம்பும் அதையடுத்த காலும் சேர்ந்து ‘ொ’ என்ற ஒரே குறியாகவும், இரட்டைக்கொம்பும் காலும் ‘ோ’ என்ற ஒரே குறியாகவும் கோப்பில் பதிவாகிவிடுவதால், காலை மட்டும் தேடும் தேடலுக்கு அவை சிக்குவதில்லை. ஆகவே ோ் என்பதை ேர் என்றும், ொி என்பதை ெரி என்றும், ோி என்பதை ேரி என்றும் தனியே மாற்ற வேண்டும். ‘வௌியீடு’, ‘வௌ்ளை’ ஆகியவற்றிலும் இதே கோளாறுதான்: கொம்பும் ளகரமும் ஔகாரக் குறியாகத் திரிந்திருக்கும். ஔகாரக் குறிக்குப் பின் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வர வழியில்லை என்பதால் ௌி, ௌு, ௌ் ஆகியவற்றைத் தயங்காமல் ெளி, ெளு, ெள் என்று மாற்றலாம். கொம்பும் ளகரமுமாக அடித்த ‘கெளரவம்’ போன்றவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த முடியும்.

இரண்டாம் படி: இடைவெளியும் மேற்கோள்குறியும்

தேடல் பெட்டியின் கூடுதல் விருப்பங்களில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ (குறிப்பிட்ட சொல்லை அன்றி எழுத்துகளின் அமைப்பைத் தேடும் முறை) என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இதில் $1 என்பது பிறை அடைப்புக்குள் அகப்பட்டதை அப்படியே திரும்ப இடும். ஓர் இடைவெளியும் அதையடுத்து +([,;:?!]) என்பதும் இட்டு, $1 என்று மாற்றினால் குறிகளுக்கு முன் உள்ள வீண் இடைவெளிகள் நீங்கும். ,([அ-ஹ]) என்பதைக் காற்புள்ளி, இடைவெளி, $1 என்று மாற்றினால் ஒட்டி நிற்கும் சொற்கள் பிரியும். 1,00,000 போன்ற எண்களுக்கு ஊறு நேராது. முற்றுப்புள்ளிக்கு இதே உத்தியைக் கையாண்டால் உ.வே.சா.வும் திரு.வி.க.வும் சிதறிப்போவார்கள்.

"([^"]+)" என்பதை “$1” என்று மாற்றினால் நேர்மேற்கோள்கள் வளைந்த மேற்கோள்களாகும். இத்தேடல் ஒரு பத்திக்குள்ளேயே இயங்குவதால், திறந்து மூடாத மேற்கோள் நேராகவே எஞ்சி நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: காற்புள்ளி

ஓலைச்சுவடிகளில் நிறுத்தக்குறிகள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றைப் பரவலாகக் கையாண்டார். எச்சங்களும் வேற்றுமை உருபுகளும் வாக்கியத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் மொழியில் காற்புள்ளி எங்கே உண்மையில் தேவை என்று கேட்டுக்கொண்டு இடுவதே என் வழக்கம். ‘நேற்று வந்த நண்பரின் தம்பி’ என்றால் வந்தவர் நண்பரா, தம்பியா? தம்பிதான் என்றால் ‘வந்த’ என்பதற்குப் பின் காற்புள்ளி கட்டாயம் வேண்டும். ‘சேரரும் சோழரும் பாண்டியரும்’ என்பதற்கு வேண்டியதில்லை. ‘சேரர், சோழர், பாண்டியர் ஆகியோர்’ என்பதில் ‘ஆகியோர்’ என்பதற்கு முன் வேண்டியதில்லை. “வருகிறாயா?” என்று கேட்டார் என்பதில் வினாக்குறி இருக்கும், “வரவில்லை” என்று சொன்னார் என்பதில், வாக்கியம் தொடர்வதால், மேற்கோளுக்குள் முற்றுப்புள்ளி வராது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ‘முடிவைப் பலரும் எதிர்பார்த்தபடி ஆணையம் அறிவித்தது’ என்ற வாக்கியத்தில் ‘பலரும் எதிர்பார்த்தபடி’ என்பதைப் பிரித்துக் காட்ட இருபுறமும் காற்புள்ளி இட்டால், ‘முடிவைப்’ என்பதன் இறுதியில் உள்ள ‘ப்’ என்ற ஒற்றை எடுத்துவிட வேண்டும். நிறுத்தம் வந்தபின் புணர்ச்சிக்கு இடமில்லை. தமிழ்ச் சொல் எதுவும் க், ச், த், ப் ஆகியவற்றில் முடிவதில்லை என்பதால் [கசதப]்[,;.] என்று தேடினாலே இப்பிழைகள் வந்து நிற்கும். ‘மார்ச்’, ‘யூடியூப்’ போன்ற பிறமொழிச் சொற்களும் உடன் வருமாதலால் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானைத் தொடாதீர்கள். காற்புள்ளியை நீக்கும்போது இதற்கு நேர்மாறாக ஒற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக, ‘க்கு’ உருபுக்குப் பின் ஒற்று விடுபட்ட இடங்களைக் காண க்கு [கசதப] என்று தேடிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: ா் என்று தேடினால் எதுவுமே கிடைக்கவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். குறி தனியாக நிற்கும்போது அதனருகே தோன்றும் புள்ளிவட்டம் திரைக்காகக் காட்டப்படுவது மட்டுமே. சில எழுத்துப் பட்டியல்களிலோ அது உண்மையான எழுத்தாகவே இருக்கும், நகலெடுத்தால் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் படியில் சொன்ன ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதைத் தெரிவுசெய்து, காலுக்கும் புள்ளிக்கும் உரிய குறியெண்களை \u0BBE\u0BCD என்று பெட்டியில் இட்டுத் தேடுங்கள்.