பழைய பேட்ச்சை ஒண்ணு சேர்க்கப் போறீங்களா? நாங்க பண்ணின தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

நாங்க 1998ல சேர்ந்து 2002ல வெளிய வந்த செட்டு. கோயம்புத்தூர் பக்கம் ஒரு என்ஜினியரிங் காலேஜ், பேர் வேண்டாம். இருபது வருஷம் ஆச்சேன்னு 2022ல ரீயூனியன் போடலாம்னு நாலு பேர் கிளம்பினோம், நானும் அதுல ஒருத்தன். நாலு டிபார்ட்மென்ட், 240 பேர்னு கணக்கு. வந்தது 71. சரி, எல்லாரும் பிஸி, யாருக்கும் பாசம் இல்லன்னு நாங்களே பேசிக்கிட்டு ரெண்டு நாள் வருத்தப்பட்டோம். அப்புறம் மனசு கேக்காம, வராதவங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் போட்டுக் கேட்டேன். நேரம் இல்லன்னு சொன்னவங்க ரொம்பக் கம்மிங்க. மத்தவங்க சொன்ன காரணம் பூரா நாங்க பண்ணி வெச்ச வேலைதான்.

லிஸ்ட்லயே ஆரம்பிச்சது தப்பு. காலேஜ் ஆபீஸ்ல போய் ஃபர்ஸ்ட் இயர் அட்மிஷன் லிஸ்ட் வாங்கிட்டு வந்து அதை வெச்சு வேலை பார்த்தோம். டிப்ளமோ முடிச்சிட்டு செகண்ட் இயர்ல லேட்டரல் என்ட்ரியில வந்தவங்க பேர் அந்த லிஸ்ட்ல எப்படி இருக்கும்? டிபார்ட்மென்ட்டுக்கு அஞ்சாறு பேர், மூணு வருஷம் நம்ம பக்கத்து பெஞ்ச்ல உக்காந்தவங்க, அப்படியே விட்டுப்போச்சு. அதுல ஒருத்தன் என்கிட்ட சொன்னான், "காலேஜ்லயும் எங்களை பாதியில வந்தவங்கன்னுதானடா பார்த்தீங்க, இப்பவுமா"ன்னு. பதில் சொல்ல வாய் வரல. அப்பா தவறிட்டார்னு தேர்ட் இயர்ல டிஸ்கன்டினியூ பண்ணினவன் ஒருத்தன், டிகிரி இல்லங்கறதுக்காக அவன் நம்ம கிளாஸ்மேட் இல்லன்னு ஆயிடுமா? இன்னொரு கூத்து, காலேஜ் அலும்னி லிஸ்ட்டை டிகிரி வாங்கின வருஷத்தை வெச்சுப் போட்டிருந்தாங்க. அரியர் கிளியர் பண்ணி 2004ல டிகிரி வாங்கினவன் ஜூனியர் பசங்களோட 2004 பேட்ச்ல இருக்கான். அதனால லிஸ்ட் போடும்போது சேர்ந்த வருஷமா முடிச்ச வருஷமான்னு முதல்லயே பேசிக்கோங்க, "98 பேட்ச்"னு ஒருத்தன் சொன்னா இன்னொருத்தன் 94ல சேர்ந்தவங்களை நினைச்சுக்கிறான், ஃபேஸ்புக்ல இதுக்கே ஒரு நாள் போகும்.

பொண்ணுங்களைத் தேடுறது இதை விட சிக்கல், ஏன்னா நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு அப்புறம் நிறைய பேருக்கு இனிஷியல் மாறிடுது. அப்பா பேரோட எழுத்து போய் வீட்டுக்காரர் பேரோட எழுத்து வந்துடும், இல்லன்னா ஃபேஸ்புக்ல பின்னாடி அவர் பேரே முழுசா சேர்ந்துடும். கிளாஸ்ல மூணு கவிதா இருந்தா நமக்கு அடையாளமே இனிஷியல்தான், அந்த எழுத்து மாறிட்டா எந்த கவிதான்னு கண்டுபிடிக்கறது குதிரைக் கொம்பு. பசங்க உக்காந்து தேடித்தேடி தெரியாத பொண்ணுங்களுக்கெல்லாம் ரிக்வெஸ்ட் அனுப்பி பிளாக் வாங்கினதுதான் மிச்சம். லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்த ஒரு தோழி கிட்ட இந்த வேலையைக் குடுத்தோம், பத்தே நாள்ல இருபது பேரைப் பிடிச்சுட்டாங்க. ரூம்மேட் ரூம்மேட்டா சங்கிலி பிடிச்சுப் போறதுதான் வழி. ஃபைனல் இயர்ல எழுதி வாங்கின ஸ்லாம் புக் இருந்தா பரண்ல இருந்து இறக்குங்க. அதுல இருக்குற லேண்ட்லைன் நம்பர் எதுவும் வேலை செய்யாது, ஆனா ஊர் அட்ரஸ் அப்படியே இருக்கும். நான் ஒருத்தனுக்கு 50 காசு போஸ்ட் கார்டு போட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க, மூணு மாசம் கழிச்சு அவன் தங்கச்சி கிட்ட இருந்து போன் வந்துச்சு.

ஒரே இடத்துல எல்லாத்தையும் வெச்சுடாதீங்க. முதல்ல எங்களுக்கு யாஹூ குரூப்ஸ், அப்புறம் ஆர்குட். ஆர்குட் 2014ல போச்சு, யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர்ல மொத்தமா மூடிட்டாங்க, போட்டோ, அட்ரஸ், ஒருத்தரை ஒருத்தர் கலாய்ச்ச மெயில் எல்லாம் போயே போச்சு. இப்ப எல்லாம் வாட்ஸ்அப்லதான இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க, ரீசார்ஜ் பண்ணாம மாசக்கணக்குல விட்ட நம்பரை கம்பெனிக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துடுவான், எங்க குரூப்ல ஒருத்தன் நம்பர்னு நினைச்சு நாங்க பர்த்டே விஷ் பண்ணினது தர்மபுரி பக்கம் ஒரு லாரி டிரைவருக்கு, பாவம் அவரும் தேங்க்ஸ் சொன்னார். சாதாரண ஷீட் ஒண்ணு, பேர், பழைய இனிஷியல், புது இனிஷியல், சொந்த ஊர், மெயில், போன், அவசரத்துக்கு இன்னொரு நம்பர். ரெண்டு பேர் கிட்ட காப்பி இருக்கணும், வருஷம் ஒரு தடவை சரி பார்க்கணும். அதை அப்படியே குரூப்ல தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்த வாரமே எல்லாருக்கும் இன்சூரன்ஸ் போன் வரும், போன் பண்றவனும் நம்ம கிளாஸ்மேட்டாதான் இருப்பான்.

வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் பண்ற தப்பு, ஆள் கிடைக்கக் கிடைக்க ஒரே குரூப்ல அடைக்கறது. 2022க்கு முன்னாடி ஒரு குரூப்ல 256 பேர்தான், இப்ப 1024 வரைக்கும் சேர்க்கலாம், அதுக்காக சேர்க்கணும்னு அவசியம் இல்ல. முதல் நாள் 300 மெசேஜ், ரெண்டாவது வாரம் குட்மார்னிங் ரோஜாப்பூ, ஒரு மாசத்துல எலெக்‌ஷன் வந்துடும். அப்புறம் ஜாதிப் பேச்சு ஒண்ணு வரும், சொன்னவனுக்கு அது விளையாட்டு, கேட்டவன் காலேஜ்ல நாலு வருஷம் அதைக் கேட்டு நொந்தவன், சத்தமே இல்லாம லெஃப்ட் ஆயிடுவான். ஏன் போனான்னு யாரும் கேக்கவும் மாட்டாங்க. மொத்தப் பேருக்கும் அட்மின் மட்டும் போடுற மாதிரி ஒரு அறிவிப்பு குரூப், அரட்டைக்கு டிபார்ட்மென்ட் வாரியா, ஹாஸ்டல் விங் வாரியா சின்னச் சின்ன குரூப், இப்படிப் பிரிச்சதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு ஓரளவு ஓடுது. யாராவது வெளிய போனா அன்னைக்கே ஒருத்தர் தனியா போன் பண்ணுங்க. திரும்பச் சேர்க்கறதுக்கு இல்ல, என்னாச்சுடான்னு கேக்க.

இதெல்லாம் சில்லறைத் தப்பு. பெரிய தப்பு நாங்க அனுப்பின கூகுள் ஃபார்ம்.

பேர், டிபார்ட்மென்ட், அதுக்குக் கீழ கம்பெனி, டெசிக்னேஷன். ரெண்டுக்கும் சிவப்பு ஸ்டார், நிரப்பாம சப்மிட் ஆகாது. அதைத் தயார் பண்ணினவன் பெரிய ஐடி கம்பெனியில டைரக்டர், அவனுக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. ஆனா 2002ல பாஸ் அவுட் ஆனவங்களுக்குத் தெரியும் அது என்ன வருஷம்னு. அமெரிக்காவுல டாட் காம் கம்பெனிகள் விழுந்து, செப்டம்பர் 11 நடந்து, இங்க கேம்பஸ்ல ஆஃபர் லெட்டர் வாங்கினவன் கூட ஜாயினிங் டேட் வருமான்னு போஸ்ட்மேனைப் பார்த்துட்டு இருந்த காலம். ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சிருந்தா அமெரிக்கா போயிருப்பான்னு சொல்ற மாதிரி எத்தனை பேர் எங்க செட்ல. ஒருத்தன் அப்பாவோட அரிசிக் கடையில உக்காந்தான், ஒருத்தன் பி.எட் படிச்சு மெட்ரிக் ஸ்கூல்ல மேத்ஸ் வாத்தியார், ஒருத்தி கோல்டு மெடல், குழந்தைக்கு உடம்பு முடியலன்னு வேலையை விட்டு வீட்டுல இருக்கா. இவங்க மூணு பேரும் ஃபார்மைத் திறந்திருக்காங்க. அந்த ரெண்டு ஸ்டாரைப் பார்த்துட்டு மூடிட்டாங்க. வீட்டுல இருக்குறவ டெசிக்னேஷன்ல என்ன எழுதுவா, நீங்களே சொல்லுங்க.

இதே கதைதான் காசு வசூல்லயும். தலைக்கு 3000 ரூபாய்னு சொல்லி, கட்டினவங்க பேருக்கு நேரா பச்சை டிக் போட்டு தினமும் ராத்திரி குரூப்ல லிஸ்ட் போட்டோம். கட்டாதவங்களை ஞாபகப்படுத்தறதா நினைப்பு, நடந்தது என்னவோ அவமானப்படுத்தினதுதான். காசு கணக்கு பொருளாளர் ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா போதும். முடிஞ்சவன் அஞ்சு பேருக்கு சேர்த்துக் கட்டட்டும், யாருக்குக் கட்டினோம்னு அவனுக்கே தெரிய வேணாம். மொத்தச் செலவுக் கணக்கை மட்டும் கடைசியில பில்லோட குரூப்ல போடுங்க, மிச்சம் 40 ரூபாயா இருந்தாலும் போடுங்க, பணத்துல சந்தேகம் வந்தா இருபது வருஷ நட்பெல்லாம் ஒண்ணுமில்ல.

இடத்துக்கும் தேதிக்கும் வரேன். ரிசார்ட்ல ரெண்டு நாள், ராத்திரி கேம்ப் ஃபயர்னு போட்டா பொண்ணுங்க பாதிப் பேர் வர மாட்டாங்க, வீட்டுல பதில் சொல்றது அவங்கதான், நாம இல்ல. பாட்டில் இருக்கும்னு ஒரு பேச்சு அடிபட்டா மீதிப் பாதியும் கட். காலேஜ் கேம்பஸ்லயே பகல்ல வைங்க, குழந்தைங்களோட வரலாம்னு சொல்லுங்க. தேதிக்கு நாங்க தை மாசம் பொங்கல் முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை வெச்சோம், முகூர்த்த நாள், எல்லாரும் ஏதோ ஒரு கல்யாணத்துல இருந்தாங்க, மண்டபமும் யானை விலை. அப்புறம்தான் புத்தி வந்துச்சு. ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். ஆடி ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும், அமெரிக்காக்காரனுக்கும் துபாய்க்காரனுக்கும் புள்ளைங்க ஸ்கூல் லீவு. மார்கழின்னா டிசம்பர் கடைசி, இங்க அரையாண்டு லீவு, அங்க கிறிஸ்துமஸ் லீவு. நம்ம பாட்டி கிட்ட கேட்டிருந்தாலே சொல்லியிருக்கும்.

காலேஜ்காரங்க பண்றதையும் கொஞ்சம் சொல்லணும். ஃபைனல் இயர்ல அலும்னி ஃபீஸ்னு ஒரு தொகை பிடிச்சுக்குவாங்க, லைஃப் மெம்பர்னு ரசீதும் வரும், அதோட சரி. அப்புறம் போன் எப்ப வரும்னா காலேஜ் தரத்தை மதிப்பிடுற நாக் கமிட்டி வரும்போது. அப்ப நாக் மதிப்பீட்டுல 5.4ன்னு அலும்னிக்குன்னே ஒரு பகுதி இருந்துச்சு, வர்ற டீம் பழைய மாணவர்களை உக்கார வெச்சுப் பேசுவாங்க, அதுக்கு ஆள் தேவைப்பட்டுச்சு. கோட் போட்டுட்டு வாங்கன்னு ஒரு மேடம் எனக்கு போன் பண்ணினாங்க, அஞ்சு வருஷத்துல அதுதான் முதல் போன்.

படிச்சு முடிச்சவனுக்கும் காலேஜுக்கும் அப்புறம் இருக்குற ஒரே உறவு பல நேரம் ஆபீஸ் கவுன்டர்தான். கனடா பி.ஆர்-க்கு, அதாவது அங்க நிரந்தரமா தங்குற அனுமதிக்கு, நம்ம டிகிரியை மதிப்பிடுற டபிள்யூ.ஈ.எஸ்னு ஒரு அமைப்பு டிரான்ஸ்கிரிப்ட் (மொத்த மார்க் விவரம்) கேக்கும், அது நம்ம கைக்கு வந்து அனுப்பினா செல்லாது, யுனிவர்சிட்டியில இருந்து நேரா போகணும். எங்க காலேஜ் கதை இன்னும் குழப்பம், எங்களுக்கு டிகிரி குடுத்தது பாரதியார் யுனிவர்சிட்டி, 2001ல இருந்து சேர்ந்தவங்களுக்கு அண்ணா யுனிவர்சிட்டி, நடுவுல 2007ல கோவைக்குத் தனி அண்ணா யுனிவர்சிட்டின்னு பிரிச்சு 2012ல மறுபடி ஒண்ணாக்கினாங்க. எந்த பேட்ச் எங்க போய் எந்த ஃபார்ம் குடுக்கணும்னு ஒரு பக்கத்துல எழுதி, கேட்டவங்களுக்கு அனுப்பி வெச்சாலே போதும், பத்து அலும்னி மீட்டை விட அது பேசும். ஃபைன் கட்டு, நாளைக்கு வா, எச்.ஓ.டி லீவுன்னு மூணு நாள் அலைய விட்டவன் கிட்ட போய் ஆடிட்டோரியத்துக்கு டொனேஷன் கேட்டா என்ன சொல்வான்?

ஐஐடி மெட்ராஸைப் பாருங்கன்னு சேர்மன்கள் மேடையில சொல்றாங்க. பார்க்கலாம். கிருஷ்ணா சிவுகுலா அங்க 1970ல எம்.டெக் முடிச்சவர், 2024ல 228 கோடி ரூபாய் குடுத்தார். நடுவுல 54 வருஷம் இருக்குல்ல, அதையும் சேர்த்துப் பார்க்கணும். நம்ம ஆளுங்க பாஸ் அவுட் ஆன மறுவருஷமே பேங்க் அக்கவுண்ட் நம்பர் அனுப்புறாங்க. ஆண்டு விழாவுக்கு சி.இ.ஓ ஆனவனைத்தான் கூப்பிடுவாங்க, அவன் ஃபிளைட்டைப் பார்த்துட்டே பேசிட்டுக் கிளம்பிடுவான். உள்ளூர்ல லேத் வெச்சு பத்து பேருக்கு வேலை குடுக்குறவன், தேர்ட் இயர் பசங்களுக்கு இன்டர்ன்ஷிப் குடுக்கத் தயாரா இருக்குறவன், அவனை யாரும் கேக்கறதே இல்ல. ரிட்டயர்டு வாத்தியார்கள், லேப் அசிஸ்டென்ட், மெஸ் மாஸ்டர், இவங்க வர்றாங்கன்னு இன்விடேஷன்ல போட்டுப் பாருங்க, சேர்மன் போட்டோவைப் பார்த்து வராதவன்லாம் வருவான்.

சங்கம் பதியறவங்களுக்கு வேகமா ரெண்டு விஷயம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, ஏழு பேர் இருந்தா பதியலாம், ஆனா வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணணும், அதை யார் பண்ணுவான்னு முடிவு பண்ணாம பதியாதீங்க. இன்னொண்ணு, வெளிநாட்டு நண்பர்கள் காசு. இந்திய பாஸ்போர்ட்ல இருக்குறவன் தன் சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பினா பிரச்சனை இல்ல. சிட்டிசன்ஷிப் மாத்தினவன் குடுக்குற நன்கொடை, இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்குற ஓ.சி.ஐ கார்டு இருந்தாலும் சரி, எஃப்.சி.ஆர்.ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி வெளிநாட்டுப் பணம். அனுமதி இல்லாத சங்கம் அதை வாங்கவே கூடாது, 2020 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி வாங்கின சங்கமும் டெல்லி எஸ்.பி.ஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் வாங்கணும். நம்ம செந்தில்தானடா அனுப்புறான்னு வாங்கி மாட்டிக்காதீங்க, ஆடிட்டரைக் கேளுங்க.

கடைசியா, ஒரே ஒரு மெகா ரீயூனியன் போட்டுட்டு டயர்டாகி உக்காந்துடறது. நாங்களும் அதான் பண்ணினோம், அடுத்தது 25வது வருஷம்னு சொல்லிட்டு அவனவன் வேலையைப் பார்க்கப் போயிட்டோம். யாழ்ப்பாணத்துல சென்ட்ரல் கல்லூரிக்கும் சென்ட் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்குற கிரிக்கெட் மேட்ச் இருக்கே, வடக்கின் பெரும் போர்னு சொல்வாங்க, 1904ல ஆரம்பிச்சது. மேட்ச் எப்ப வரும்னு பழைய மாணவர்களுக்குத் தெரியும், யாரும் கூப்பிட வேண்டியதில்ல, வெளிநாட்டுல இருந்தும் அதுக்குன்னே லீவு போட்டு வர்றாங்க. நமக்கு கிரிக்கெட் வேணாம், மாறாத தேதி ஒண்ணு போதும். 2023ல இருந்து ஆடி மாசம் ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் 4 மணி, காலேஜ் கேட்டுக்கு எதிர்த்தாப்ல இருக்குற டீக்கடைன்னு வெச்சிருக்கோம். ஃபார்ம் இல்ல, வசூல் இல்ல, வர்றியான்னு போன் கிடையாது. முதல் வருஷம் 9 பேர். அடுத்த வருஷம் 17. போன தடவை 31, அரிசிக் கடைக்காரன் பொண்ணைக் கூட்டிட்டு வந்தான், டீக்கடை அண்ணன் நாங்க வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பெஞ்ச்சை வெளிய எடுத்துப் போட்டு வெச்சிருந்தார்.