சொந்த ஓஎஸ்க்கு ஃபைல்சிஸ்டம், டிஸ்க் டிரைவர் எழுதுறவங்க முதல்ல முடிவு பண்ண வேண்டியது

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் படிக்கிற பசங்க நெறைய பேரு இப்ப சொந்தமா சின்ன ஓஎஸ் எழுதிப் பாக்குறாங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா பெரும்பாலும் ஃபைல்சிஸ்டம்ல வந்து நின்னுடுது, ஏன்னா ஃபைல் ஓபன் பண்ற கோட்ல இருந்தே நேரா டிஸ்க்குக்கு கமாண்ட் அனுப்புறாங்க. கடைமடை வயலுக்கு தண்ணி வேணும்னா நேரா கல்லணைக்குப் போய் ஷட்டரைத் தூக்க மாட்டோம்ல, நம்ம வாய்க்கால் மதகைத்தான் பாப்போம், அதே மாதிரி ஒவ்வொரு லேயரும் தனக்கு அடுத்து கீழ இருக்கறதுகிட்ட மட்டும் பேசணும்.

எம்ஐடில பாடம் நடத்த எழுதுன எக்ஸ்வி6ங்கற சின்ன ஓஎஸ்ஸோட ஃபைல்சிஸ்டம்ல ஏழு லேயர் இருக்கு: கீழ இருந்து டிஸ்க், பஃபர் கேஷ் (டிஸ்க் ப்ளாக்கோட மெமரி காப்பி), லாக்கிங் (logging, மாறுனதை முதல்ல தனியா குறிச்சு வைக்கறது), ஐநோட் (ஒரு ஃபைலோட விவரமும் அதோட ப்ளாக் எங்க இருக்குங்கறதும்), டைரக்டரி, பாத்நேம், ஃபைல் டிஸ்க்ரிப்டர் (ஓபன் பண்ண ஃபைலுக்கு புரோகிராம் வச்சிருக்கற நம்பர்). இதை அப்படியே எடுத்துக்கலாம். ஆனா எந்த லேயர்ல ப்ராசஸ் (ஓடிட்டு இருக்கற புரோகிராம்) தூங்கலாம், அதாவது சிபியுவை விட்டுட்டு காத்திருக்கலாம், எங்க தூங்கவே கூடாதுங்கறத மொதல்லயே பேப்பர்ல எழுதி வச்சுக்குங்க, மல்டிடாஸ்கிங்ல பாதி பிரச்சனை அங்கதான் வருது.

டிரைவரை எடுத்துக்குவோம். டிஸ்க் பதில் சொல்றதுக்குள்ள சிபியு எவ்வளவோ வேலை பாத்துடும், அதனால ரிக்வெஸ்ட்டை க்யூல போட்டுட்டு ப்ராசஸைத் தூங்க விடணும், வேலை முடிஞ்சதுன்னு டிஸ்க் குடுக்கற சிக்னலான இன்டரப்ட் வந்ததும், அதை கவனிக்கற ஹேண்ட்லர் கோட் எழுப்பும். இதுல ஒரு ஓட்டை இருக்கு. ‘வேலை முடிஞ்சுதா’ன்னு பாத்து, இல்லன்னு தெரிஞ்சு, தூங்கப் போறதுக்கு நடுவுல இன்டரப்ட் வந்துட்டா எழுப்புறதுக்கு அங்க யாருமே இல்ல, அப்புறம் அந்த ப்ராசஸ் எந்திரிக்கவே எந்திரிக்காது. அதனால ஸ்லீப் ஃபங்ஷன்கிட்ட லாக்கையும் (lock, ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் தொட விடற பூட்டு) சேத்துக் குடுங்க, ப்ராசஸைத் தூங்குதுன்னு குறிச்சதுக்கு அப்புறம்தான் அது லாக்கை விடணும், ஹேண்ட்லரும் அதே லாக்கை எடுத்துட்டுதான் எழுப்பணும். எழுந்ததும் இஃப் பத்தாது, வைல் போட்டு திரும்ப செக் பண்ணுங்க. ஸ்பின்லாக் (கிடைக்கற வரைக்கும் தூங்காம சுத்திட்டே காத்திருக்கற லாக்) கையில இருக்கும்போது அந்த சிபியுல இன்டரப்ட்டை ஆஃப் பண்ணி வைங்க, இல்லன்னா ஹேண்ட்லர் அதே லாக்குக்காக அங்கயே சுத்திட்டு நிக்கும். ஹேண்ட்லருக்குள்ள தூங்குற எதையும் கூப்பிடவே கூடாது.

பஃபர் கேஷ்ல ஒரு ப்ளாக்குக்கு மெமரில ஒரே காப்பிதான் இருக்கணும், ரெண்டு இருந்தா ஒருத்தர் எழுதுனது காணாமப் போயிடும். இங்க டிஸ்க்குக்காக காத்திருக்கணும்ங்கறதால ஸ்லீப்லாக் (காத்திருக்கறப்ப தூங்க விடற லாக்) போடுங்க.

அப்புறம் கரண்ட். 2018 கஜா புயல்ல நம்ம டெல்டாவுல கரண்ட் போய் பல ஊர்ல நாள்கணக்கா வரல, சாதாரண நாள்லயும் சொல்லிட்டா போகுது. ஒரு ஃபைல் உருவாக்கணும்னா ஐநோட், டைரக்டரின்னு பல ப்ளாக் மாறும், பாதில நின்னா எல்லாம் குழப்பம். மாறுனதை எல்லாம் முதல்ல டிஸ்க்ல தனியா ஒதுக்குன லாக் ஏரியால (log, பூட்டு லாக் இல்ல) எழுதுங்க, அப்புறம் எல்லாம் எழுதியாச்சுன்னு சொல்ற கமிட் ப்ளாக், அதுக்கப்புறம்தான் அந்த ப்ளாக்கோட சொந்த இடம். டிஸ்க்குக்குள்ளயே இருக்கற கேஷ் இந்த வரிசையை மாத்திடலாம், அதனால கமிட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஃப்ளஷ் (கேஷ்ல இருக்கறதை நிஜமாவே எழுதி முடின்னு டிஸ்க்குக்கு சொல்ற கமாண்ட்) அனுப்பணும், டிரைவர்ல ஃப்ளஷ் ரிக்வெஸ்ட்டை முதல் நாளே வச்சுடுங்க.

ரெண்டாவது ஃபைல்சிஸ்டம் சேக்குறப்ப ஓபன், ரீட், ரைட்டுக்கு ஃபங்ஷன் பாயின்டர் டேபிள் (எந்த ஃபைல்சிஸ்டம்னா எந்த ஃபங்ஷனைக் கூப்பிடணும்ங்கற பட்டியல்) போட்டா போதும், 1980கள்ல சன் கம்பெனி யுஎஃப்எஸ்ங்கற டிஸ்க் ஃபைல்சிஸ்டத்தையும் என்எஃப்எஸ்ங்கற நெட்வொர்க் ஃபைல்சிஸ்டத்தையும் ஒண்ணா ஓட வைக்க விநோட்னு இதைத்தான் பண்ணுச்சு. ரீநேம்ல ஃபைலை வேற டைரக்டரிக்கு மாத்துறப்ப ரெண்டு டைரக்டரி லாக் ஆகும், அந்த லாக்கை எப்பவும் ஒரே வரிசைல எடுங்க, இல்லன்னா ரெண்டு ப்ராசஸ் ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக்கிட்டே நின்னுடும்.

டெஸ்ட் பண்ண கியூஎமுல (கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கற எமுலேட்டர் சாஃப்ட்வேர்) 4 சிபியு குடுத்து, நாலஞ்சு ப்ராசஸை ஒரே டைரக்டரில ஃபைல் போட்டு அழிக்க விட்டு, நடுவுல சட்டுன்னு நிறுத்தி திரும்ப பூட் பண்ணி, பிட்மேப்பும் (எந்த ப்ளாக் காலி, எது இல்லன்னு காட்டுற பட்டியல்) ஐநோட்ல இருக்கற ப்ளாக்கும் ஒத்துப்போகுதான்னு பாருங்க.