மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்: அக்வாபோனிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தடவை நான் விட்ட மீன் குஞ்சுகள் ஒன்பதாம் நாள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஏர் பம்ப்பும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் பார்த்தபோது அறுபதில் நாலுதான் மிச்சம். குஞ்சு விற்றவர் மேல் கோபம் வந்தது. அவர் கொடுத்த குஞ்சில் ஒரு குறையும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

ஈரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டுப் பொடக்காணியில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, அதற்குப் பக்கத்தில் இரண்டு ஜல்லிப் பாத்திகள். தொட்டியில் மீன், மண் இல்லாமல் ஜல்லியில் செடி. மீன் தண்ணீரை மோட்டார் பாத்திக்கு ஏற்றும், அது ஜல்லி வழியாக வடிந்து மறுபடி தொட்டிக்கே வரும். இதைத்தான் அக்வாபோனிக்ஸ் என்கிறார்கள். சில வருடங்களாக ஓடுகிறது. இதைப் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் தங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தொட்டி வைத்து மீனைப் பறிகொடுத்தவர்கள். கேட்டால் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே கதைதான். "மீன் கழிவு செடிக்கு உரம், செடி தண்ணீரைச் சுத்தம் செய்யும்" என்று கேள்விப்பட்டு ஆரம்பித்திருக்கிறார்கள். நடுவில் பாக்டீரியா என்று ஒன்று இருப்பதை யாரும் அவர்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

அவசரம்

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். அது கண்ணுக்குத் தெரியாது, மீனுக்கு விஷம். ஜல்லியின் மேற்பரப்பில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் செடிக்கு நல்ல உணவு, மீனுக்கும் பெரிய தொந்தரவு இல்லை. இந்த இரண்டு கூட்டமும் பெருகி நிலைக்க நம் ஊர் வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். நான் கொடுத்தது இரண்டு நாள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? தொட்டியை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு அழுகவிடுங்கள். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி யாரிடமாவது இருந்தால் அங்கிருந்து ஈரம் காயாமல் ஒரு கூடை ஜல்லி வாங்கி வந்து உங்கள் பாத்தியில் கலந்து விடுங்கள். பாக்டீரியா அதிலேயே வந்துவிடும், காத்திருக்கும் நாளும் குறையும். அலங்கார மீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; ஏழு நடுநிலை, குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம்) பார்க்கும் கிட் கிடைக்கிறது. முதலில் அம்மோனியா ஏறும், அப்புறம் அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த நாளில்தான் மீன் விட வேண்டும். தொட்டிக்கும் பைப்புக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்த கிட்டை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் வாங்க வேண்டிய பொருளே அதுதான்.

குஞ்சு சின்னதாகத்தான் இருக்கும்

மீன் பண்ணைக்குப் போனால், "ஆயிரம் லிட்டருங்களா? எரநூறு குஞ்சு விடலாங்ண்ணா" என்பார்கள். விரல் நீளக் குஞ்சு இருபதை ஆயிரம் லிட்டரில் விட்டால் தொட்டி காலியாகத்தான் தெரியும், மனசு கேட்காது. ஆனால் அந்தக் குஞ்சு அரைக் கிலோ ஆகும் நாளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். வீட்டு அளவில் செய்பவர்களுக்கு ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ மீன் என்பது உச்ச வரம்பு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பத்துக் கிலோவோடு நிற்பது நல்லது. அப்படியென்றால் அரைக் கிலோ மீன் இருபது.

செடிப் பாத்தியின் அளவை மீன் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாமல், தினமும் போடும் தீவனத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2014-இல் வெளியிட்ட சிறிய அளவு அக்வாபோனிக்ஸ் கையேட்டில், ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், காய்க்கும் செடிக்கு 50 முதல் 80 கிராம் என்று கணக்கு இருக்கிறது. பத்துக் கிலோ வளர்ந்த மீனுக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் என்று 100 கிராம் போட்டால் இரண்டு சதுர மீட்டர் கீரைப் பாத்தி சரியாக இருக்கும்.

அந்த 100 கிராம் தீவனத்தின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 32 சதவீதப் புரதம் உள்ள தீவனம் என்றால் அதிலிருந்து ஏறத்தாழ மூன்று கிராம் அம்மோனியா தண்ணீரில் சேரும். ஆயிரம் லிட்டரில் அது லிட்டருக்கு மூன்று மில்லிகிராம், ஒவ்வொரு நாளும். பாக்டீரியா இல்லாத தொட்டியில் இரண்டே நாளில் என்ன ஆகும் என்பதை இதிலேயே பார்த்துக்கொள்ளலாம். மீன் பாவம் என்று கூடுதலாக ஒரு கைப்பிடி போடுவதும் இதே ஆபத்துதான். கால் மணி நேரத்தில் தின்னாததை வலையால் எடுத்துவிடுங்கள். மிதக்கும் தீவனம் வாங்கினால் மிச்சம் கண்ணில் படும்.

எந்த மீன் என்பதிலும் சறுக்குகிறார்கள். கட்லா, ரோகு எளிதாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறார்கள். அவை குளத்து மீன்கள். கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று விரிந்த இடத்தில் வளர்வது, சின்னத் தொட்டியில் அதற்கு வளர்ச்சியே இருக்காது. விராலுக்கு நல்ல விலை என்பது உண்மை. ஆனால் அது ஊன் தின்னி, அளவு வித்தியாசப்பட்டால் கூட இருக்கும் குஞ்சையே விழுங்கிவிடும், மூடி இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழும். பழகுவதற்கு ஜிலேபி என்று நாம் சொல்லும் திலேபியா மீன்தான் ஏற்றது. அதிலும் திலேபியா வளர்ப்புக்கு அரசு விதிமுறைகள் இருப்பதால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மிஞ்சிய குஞ்சைத் தயவுசெய்து ஏரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி நம் ஏரிகளில் நாட்டு மீன்களின் இடத்தை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது வலை போடுகிறவர்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், அதை வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது. மீன் சாப்பிடாத வீடு என்றால் கோய் கெண்டை விடலாம், கீரை அதே மாதிரி வரும்.

போர் தண்ணீர்

எனக்கு அதிகப் பாடம் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஊர் போர் தண்ணீர்தான். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது, பிஹெச் எட்டைத் தாண்டும். இதில் இரண்டு சிக்கல்.

முதலாவது மீனுக்கு. அம்மோனியா முழுவதும் ஒரே அளவு விஷம் கிடையாது. 30 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் கொல்லும் வடிவில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் அது ஏழு, ஏழரை சதவீதம் ஆகிவிடும். கிட் காட்டும் அளவு ஒன்றுதான், ஆனால் ஆபத்து ஒன்பது மடங்கு. அதனால்தான் நண்பர் தொட்டியில் தாங்கிய அம்மோனியாவை என் தொட்டி தாங்கவில்லை.

இரண்டாவது செடிக்கு. பிஹெச் ஏழைத் தாண்டத் தாண்ட இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியாது. புதுத் தளிர் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதைப் பார்த்ததும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்று நினைத்து மீனுக்குத் தீவனத்தைக் கூட்டுகிறவர்கள் நிறைய. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் வெளுப்பது அடியில் இருக்கும் பழைய இலை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பல தவறுகள் தவிரும்.

இரும்பு சேர்க்க வேண்டும் என்று சொன்னால் சிலர் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து ஊற்றுகிறார்கள், சிலர் துருப்பிடித்த ஆணியைப் போடுகிறார்கள். கடினமான தண்ணீரில் இரண்டுமே துருவாக அடியில் படியும், செடிக்குப் போய்ச் சேராது. உரக் கடையில் சீலேட் இரும்பு என்று கேளுங்கள், அது துருவாகப் படியாமல் தண்ணீரில் கரைந்தே நிற்கும்படி கட்டிய இரும்பு. அதிலும் ஈடிடிஏ வகை பிஹெச் ஏறினால் பலன் தராது. நம் தண்ணீருக்கு ஈடிடிஹெச்ஏ வகை வேண்டும். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் இரும்பு போதும். ஆறு சதவீதம் இரும்புள்ள பொடி என்றால் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 33 கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தண்ணீர் சிவப்பாகும், பயப்பட வேண்டாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

பிஹெச்சைக் குறைக்க எலுமிச்சை பிழிவது, வினிகர் ஊற்றுவது எல்லாம் வீண். தண்ணீரில் உள்ள கார்பனேட் தீரும்வரை இரண்டாம் நாளே பிஹெச் பழையபடி ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம் மீனுக்குக் கூடுதல் தொல்லை. எனக்குக் கைகொடுத்தது மழைநீர். 2003-க்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானதே, அந்தக் குழாயில் ஒரு டிரம்மைச் சேர்த்துவிட்டேன். கோடையில் தினமும் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகப் போர் தண்ணீரையே ஊற்றினால் தண்ணீர் போய் உப்பு மட்டும் தொட்டியில் தங்கும். பாதிக்குப் பாதி மழைநீர் கலந்தால் அது குறையும். முழுக்க மழைநீரும் கூடாது. பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீர் புளித்துக்கொண்டே போகும். அதைத் தாங்க மழைநீரில் எதுவும் இல்லை. பிஹெச் ஆறுக்குக் கீழே போனால் பாக்டீரியா சோர்ந்துவிடும்.

ஜல்லி வாங்கும்போது ஒரு பிடி எடுத்து வினிகரில் போடுங்கள். நுரை பொங்கினால் அது சுண்ணாம்புக் கல், பிஹெச்சை இறங்கவே விடாது. கருங்கல் ஜல்லி, அரை முதல் முக்கால் இஞ்ச், தூசி போகக் கழுவியது போதும். குழாய்த் தண்ணீர் அல்லது பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் என்றால் ஏர் பம்ப்பை ஓடவிட்டு இரண்டு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். குளோரின் மீனை மட்டும் இல்லை, பாக்டீரியாவையும் கொல்லும்.

மண்ணுக்கு நல்லது தண்ணீருக்கு நல்லதாக இருக்காது

இயற்கை விவசாயம் செய்யும் நண்பர்கள்தான் இந்தத் தவறில் அதிகம் விழுகிறார்கள். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், சாணிக் கரைசல் எல்லாம் மண்ணுக்கு அருமையானவை, எங்கள் தென்னைக்கு நானே ஊற்றுகிறேன். மீன் தண்ணீரில் அவை கலந்தால் அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், அம்மோனியாவும் ஏறும், பச்சையாகப் பறித்துத் தின்னும் கீரையில் சாணத்துக் கிருமியும் சேரும். அசுவினிக்குப் புகையிலைக் கரைசல் அடித்துவிட்டு மறுநாள் மீனெல்லாம் மல்லாந்து கிடப்பதைப் பார்த்த வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. வேப்பெண்ணெயைக்கூட இங்கே நம்பி அடிக்கக் கூடாது. பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் உள்ள தாமிரமும் மீனுக்கு விஷம். மாவுப்பூச்சியோ அசுவினியோ வந்தால் அந்தக் கிளையை வெட்டி எடுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். அவ்வளவுதான் வழி.

மீனுக்கு நோய் வந்தாலும் இதே கட்டுப்பாடு. கல் உப்பை அள்ளிப் போட்டால் செடி கருகும், ஆன்டிபயாடிக் போட்டால் பாக்டீரியா போய்விடும். நோய்ப்பட்ட மீனைத் தனி டப்பில் எடுத்து வைத்துத்தான் வைத்தியம்.

விடியற்காலை

மீன் மூச்சுத் திணறிச் சாவது பெரும்பாலும் விடிவதற்கு முன். தண்ணீரில் பாசி இருந்தால் இரவெல்லாம் அதுவும் ஆக்சிஜனை எடுக்கும். 30 டிகிரி தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான், மீனுக்குக் குறைந்தது ஐந்து மில்லிகிராம் இருக்க வேண்டும். இடைவெளி அவ்வளவு சின்னது. தொட்டியின் மேல் வெயில் படாமல் மூடிவிட்டால் பாசி அடங்கும். அந்த மூடியே கொக்குக்கும் மீன்கொத்திக்கும் தடுப்பு.

மின்சாரம் போனால் என்ன என்பதை முதல் நாளே யோசித்து வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். தண்ணீர் மோட்டாரை பேட்டரியில் ஓட்டத் தேவையில்லை, ஜல்லி ஈரமாக இருக்கும்வரை பாக்டீரியா தாங்கும். ஏர் பம்ப் மட்டும் ஓடினால் போதும், பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் விலையும் அதிகம் இல்லை. கரன்ட் இல்லாத நேரத்தில் தீவனம் போடாதீர்கள். தின்ற மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும்.

மொட்டை மாடியில் வைப்பவர்களுக்கு ஒன்று: ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், ஜல்லியின் எடை தனி. கட்டட இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். பழைய டிரம் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள், ரசாயனம் இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

முதல் மூன்று மாதம் தக்காளி, கத்தரிக்கு ஆசைப்படாதீர்கள். அதுவரை தண்ணீரில் சத்து சேர்ந்திருக்காது. வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை மூன்றும் இயல்பிலேயே ஈரத்தில் வளர்பவை, சத்து குறைந்த தண்ணீரிலும் தழைக்கும். புதினாவும் அப்படித்தான்.

அப்புறம் அறுவடை. முதல் வருடம் பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள் என்று மறுநாள் குழம்புக்கு மொத்த மீனையும் பிடித்துவிட்டோம். இரண்டே வாரத்தில் பாத்தி முழுக்க வெளுத்துவிட்டது. தீவனம் நின்றதும் அம்மோனியா நின்றது, அதை நம்பியிருந்த பாக்டீரியாவும் குறைந்துவிட்டது. புதுக் குஞ்சு விட்டபோது மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏழெட்டுக் குஞ்சு விடுகிறேன், பெரியதாக இருப்பதில் மாதம் இரண்டோ மூன்றோ மட்டும் பிடிக்கிறோம். சின்னக் குஞ்சுகளைப் பெரியவை துரத்தாமல் இருக்கத் தொட்டிக்குள்ளேயே ஒரு வலைக் கூண்டு கட்டி, விரல் நீளம் தாண்டி நன்றாக வளரும்வரை அதில் விட்டிருக்கிறேன்.